மாத்திரை போதாதபோது என்ன வழி? முற்றிய பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சைகள்

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முதல் சில ஆண்டுகள் லெவோடோபா மாத்திரை நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, மாத்திரை பலன் தரும் நேரம் குறைந்துகொண்டே வரும். அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகிப்போகும். மருந்து உச்சத்தில் இருக்கும்போது கைகால்கள் தாமாக நெளியும். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று குடும்பங்கள் மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான். ஆனால், வழிகள் இருக்கின்றன. காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது?

நரம்பியல் மருத்துவர்கள் 5-2-1 என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 5 வேளையோ அதற்கு மேலோ லெவோடோபா தேவைப்படுவது, 2 மணி நேரமாவது மருந்தின் பலன் இல்லாமல் தவிப்பது, 1 மணி நேரமாவது நெளிவு தொல்லை தருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்டச் சிகிச்சை குறித்துப் பேசலாம். முதலில் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பார்கள். புரதம் லெவோடோபாவை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், உணவு நேரத்தையும் கவனிப்பார்கள்.

மூளைக்குள் மின்தூண்டல்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் அலிம் லூயி பெனாபித் 1987-ல் தொடங்கிவைத்த முறை இது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவியால் தூண்டுவார்கள். மாத்திரைக்குக் கட்டுப்படும் அறிகுறிகளே பெரும்பாலும் இதற்கும் கட்டுப்படும். மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மறதி நோயையோ பேச்சுக் குழறலையோ இது சரிசெய்யாது. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகளும் சிறிய அளவில் உண்டு.

பம்ப் சிகிச்சைகள்

மூளை அறுவைச் சிகிச்சை பொருந்தாதவர்களுக்கு, மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்ப் உதவும். அபோமார்ஃபின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தலாம். லெவோடோபா கூழைக் குழாய் வழியே நேராகச் சிறுகுடலுக்கு அனுப்பலாம். தோலுக்கடியில் செலுத்தும் லெவோடோபா வகை மருந்துக்கு அமெரிக்கா 2024-ல் ஒப்புதல் அளித்தது. இவை எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை.

இவற்றில் எதுவும் நோயைக் குணப்படுத்தாது. நோயின் வளர்ச்சியை நிறுத்துவதாகவும் நிரூபணமாகவில்லை. ஆனால் தானே எழுந்து நடக்கவும், தன் கையால் உண்ணவும் கூடுதல் மணி நேரங்களைத் தருகின்றன. மாத்திரை எப்போது வேலை செய்கிறது, எப்போது ஓய்கிறது என்பதைச் சில நாட்கள் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.