இலை வழியே ஒரு பகிர்வு

ஸ்ரீரங்கத்தில் தென்னையும் வாழையும் அருகருகே நிற்கும் கொல்லைகள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய கொல்லை ஒன்றில், தாழ்ந்திருந்த தென்னை ஓலையை அண்மையில் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் மாவால் இழைத்த கோலம்போல் வெண்ணிறச் சுருள்கள். கீழே நின்ற வாழையின் இலைகளில் கரும்பூசணம் படர்ந்திருந்தது.

இது சுருள் வெள்ளை ஈயின் வேலை. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்டது. கண்ணில் படும் பூச்சியை மட்டுமே நாம் எதிரியாகக் கருதுகிறோம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களையும் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்தப் பூச்சியின் பலத்தை நாம் அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

வெள்ளை ஈக்கள் உறிஞ்சும் தாவரச் சாற்றில் சர்க்கரை மிகுதி. அமினோ அமிலங்கள் குறைவு. அக்குறையை ஈடுசெய்வது, தாயிடமிருந்து முட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்லும் போர்டியேரா என்ற பாக்டீரியா. இதைத் தவிர வோல்பாக்கியா, ரிக்கெட்சியா போன்ற பாக்டீரியாக்களும் பல வெள்ளை ஈக்களில் வாழ்கின்றன. இவையும் பெரும்பாலும் தாய்வழிச் சொத்துதான். ஆனால், இச்சொத்து அவ்வப்போது பக்கத்து வீட்டுக்கும் கைமாறுகிறது.

எப்படி? முதல் வழி, இலை. பருத்தி இலையில் வெள்ளை ஈக்கள் விட்டுச்சென்ற வோல்பாக்கியா, இலையில் குறைந்தது 50 நாள்கள் தங்கியிருந்ததைச் சீன ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். அந்த இலையில் சாறு உறிஞ்சிய, தொற்றில்லாத ஈக்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவைப் பெற்றன. தம் குஞ்சுகளுக்கும் அளித்தன. ரிக்கெட்சியாவும் இவ்வாறே இலைவழிப் பரவுவதை இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2012-இல் காட்டியிருந்தனர்.

இரண்டாவது வழி, ஒட்டுண்ணிக் குளவி. இளம் ஈயைக் குத்திப் பார்த்துவிட்டு, முட்டையிடாமலேயே அடுத்ததற்குச் செல்வது இக்குளவியின் இயல்பு. ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவதைப்போல, அதன் வாயுறுப்பும் முட்டையிடும் ஊசியும் வோல்பாக்கியாவை 48 மணி நேரம் வரை கடத்துவதாக 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதனால் உழவருக்கு என்ன? அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், புகையிலை வெள்ளை ஈக்களிடையே ஒரு சதவீதமாக இருந்த ரிக்கெட்சியா, ஆறே ஆண்டுகளில் 97 சதவீதத்தை எட்டியது. அதைப் பெற்ற ஈக்கள் விரைவாக வளர்ந்தன; மிகுதியான குஞ்சுகளை ஈன்றன; அவற்றில் பெண் ஈக்களே அதிகம். புதிய பாக்டீரியா ஒன்று வந்து சேர்ந்தால், பழைய பூச்சியே புதுப் பூச்சியாகிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

அப்படியானால் குளவியை ஒழித்துவிடலாமா? கூடாது. சுருள் வெள்ளை ஈயை நம் தோப்புகளில் கட்டுப்படுத்தும் முதன்மை நண்பன் என்கார்சியா என்ற குளவிதான். அது கொல்லும் ஈக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், கடத்தும் ஆபத்து சிறிது. கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் மடிவது இந்த நண்பனே. ஓலையின் அடிப்புறத்தில் விசையுடன் நீர் பீய்ச்சுதல், மஞ்சள் ஒட்டுப்பொறி, குளவி இருக்கும் இலைத்துண்டுகளைத் தோப்பில் கட்டுதல் ஆகியவையே போதிய பயன் தரும் முறைகள்.

சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து கூடுகட்டும் வெள்ளை ஈக்களும் தென்னிந்தியத் தென்னைகளுக்கு வந்துவிட்டன. ஒரே ஓலையில் பல இனங்கள் பந்தியில் அமரும்போது, பகிர்வுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, புதிய பூச்சி நுழையும்போது அதன் பெயரைப் பதிவு செய்வதுடன் நில்லாமல், அது சுமந்துவரும் பாக்டீரியாக்களையும் பரிசோதித்துப் பதிவு செய்வது பயிர்த் தடுப்புக்காப்பு நடைமுறையின் அங்கமாக வேண்டும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள திருச்சியிலிருந்து இப்பணி தொடங்கலாம். அமெரிக்காவில் நிலைமை மாற ஆறு ஆண்டுகளே போதுமானதாக இருந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.