மென்பொருளில் அரசியல்: எங்கே பேசுவது?

2022 மார்ச். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் பயன்படுத்தும் ‘நோட்-ஐபிசி’ என்ற சிறு தொகுப்புக்குப் புதிய பதிப்பு வந்தது. கணினி ரஷ்யாவிலோ பெலாரஸிலோ இருப்பதாக ஐபி முகவரி காட்டினால், அதிலுள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தை அழித்து, அந்த இடத்தில் ஓர் இதயச் சின்னத்தை எழுதிவைத்தது அது. போரை எதிர்த்து, தொகுப்பை உருவாக்கியவரே செய்த வேலை.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் போரை ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார் என்று ஐபி முகவரிக்குத் தெரியாது. இணையப் பக்கங்களை உருவாக்கப் பயன்படும் ‘வியூ’ கட்டமைப்பின் கட்டளைவரிக் கருவியும் இந்தத் தொகுப்பைச் சார்ந்திருந்தது. அதை நிறுவிய பலருக்கு நோட்-ஐபிசி என்ற பெயரே தெரிந்திருக்காது. நம்பி நிறுவியவரின் கோப்பை அழிப்பது கருத்துச் சொல்லும் முறையே அல்ல, துரோகம்.

அப்படியானால் அரசியலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. எந்த மனிதரையும் குழுவையும் விலக்கக் கூடாது, எந்தத் துறையிலும் பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்கிறது திறமூல மென்பொருளின் வரையறை. அதுவே ஓர் அரசியல் நிலைப்பாடுதான். அந்த வரையறையை மீறி, 2018-இல் ‘லெர்னா’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவித் திட்டம், அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையோடு இணைந்து வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தடை விதித்து உரிமத்தைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது.

பேசாமலே முடிப்பதும் சரிவராது. 2024 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய பத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நீக்கப்பட்டன. விதிகளுக்கு இணங்கச் செய்ததாக ஓரிரு வரிகளில் காரணம் சொன்னார்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகள் பற்றிய விளக்கம், கூச்சல் எழுந்த பிறகுதான் வந்தது. சட்டம் கையைக் கட்டியிருக்கலாம். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அந்த விளக்கத்தை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

எனக்குச் சரியாகப் படுவது, தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியனின் வழி. 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கென்று எழுதப்பட்ட அரசியலமைப்பே உண்டு. பிரச்சினை எழுந்தால் உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவரலாம். வழிமொழியப் போதிய ஆள் வேண்டும். மற்றவர்கள் மாற்று வாசகங்களை முன்வைக்கலாம். விவாதம் அதற்கென்றே உள்ள மடலாடற்குழுவில், எவரும் படிக்கும்படி நடக்கும். பிறகு விருப்ப வரிசைப்படி எண் போட்டு வாக்களிப்பார்கள்.

2021-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்கு சர்ச்சையில் பதவி விலகியிருந்த அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திரும்பியபோது பெரும் சண்டை மூண்டது. அவரை விலக்கச் சொல்வது முதல் ஆதரிப்பது வரை எல்லா வாசகங்களும் டெபியன் வாக்குச்சீட்டில் இருந்தன. வென்றது எது தெரியுமா? டெபியன் இதில் அறிக்கை எதுவும் வெளியிடாது என்ற தெரிவு. யார் எப்படி வாக்களித்தார் என்பது அன்று வெளிப்படை. அதனால் தொல்லை வருமோ என்ற அச்சம் எழுந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, வாக்கை ரகசியமாக்கினார்கள். 2023 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவரவிருந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் தன்னார்வ நிரலர்கள் மீது சுமையாக விழக் கூடாது என்று அதே வழியில் அறிக்கை வெளியிட்டார்கள். ஒருமுறை வாய்மூடி இருக்கவும் இன்னொருமுறை வாய்திறக்கவும் அவர்களுக்கு ஒரே நடைமுறை போதுமாக இருந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் திட்டமானாலும், சண்டை வருமுன்பே ஒரு பக்கம் எழுதிவையுங்கள். அரசியல் எங்கே பேசப்படும், முடிவெடுப்பது யார், எத்தனை நாளில் என்பது அதில் இருக்கட்டும்.