ஸ்பெயின் பிளாக்அவுட்: சோலார் இன்வெர்ட்டர் நினைத்திருந்தால் தடுத்திருக்க முடியுமா?

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. பகல் 12.33 மணி. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரே நேரத்தில் கரன்ட் போனது. மெட்ரோ ரயில்கள் பாதி வழியில் நின்றன. டிராஃபிக் சிக்னல்கள் அணைந்தன. கடைகளில் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. வெறும் 5 விநாடிகளில் சுமார் 15,000 மெகாவாட் மின்சாரம் காணாமல் போனது. அந்த நேரத்தில் ஸ்பெயினின் மொத்தத் தேவையில் இது சுமார் 60 சதவீதம்.

நல்ல வெயில் நேரம் என்பதால், ஸ்பெயினின் மின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் சோலார்தான். அதனால் அன்று மாலையே சோஷியல் மீடியாவில் தீர்ப்பு வந்துவிட்டது: “சோலாரை நம்பினா இப்படித்தான்.”

உண்மையில் நடந்தது என்ன?

வோல்டேஜ் குறையவில்லை, கூடியது

கரன்ட் போச்சு என்றால் உற்பத்தி பத்தவில்லை என்றுதான் நினைப்போம். இங்கே கதை தலைகீழ். மின்கட்டமைப்பில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறியது. வோல்டேஜ் ஏறியதும், சில மின் நிலையங்கள் தங்கள் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே கழன்றுகொண்டன. அவை கழன்றதும் வோல்டேஜ் இன்னும் ஏறியது. உடனே அடுத்த நிலையங்கள் கழன்றன. சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி எல்லாம் சரிந்தது.

இந்த வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது எது? ‘ரியாக்டிவ் பவர்’. இது நம் வீட்டு விளக்கை எரிக்காது. ஆனால் மின்கம்பிகளில் வோல்டேஜைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். வோல்டேஜ் குறைந்தால் இதைக் கொடுக்க வேண்டும். கூடினால் உறிஞ்ச வேண்டும். காலங்காலமாக இந்த வேலையைப் பார்த்தவை அனல், அணு, நீர் மின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள்.

சரி, இன்வெர்ட்டருக்கு இதில் என்ன வேலை?

சோலார் பேனல் தருவது டிசி மின்சாரம். அதை ஏசியாக மாற்றி கிரிட்டுக்கு அனுப்புவது இன்வெர்ட்டர். பேட்டரியோடு வீட்டில் வைத்திருக்கும் பெட்டியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகும் எலெக்ட்ரானிக் சுவிட்சுகள்தான் எல்லாம். அதனால் வெளியே போகும் அலையை நாம் விரும்புகிறபடி வடிவமைக்கலாம். ரியாக்டிவ் பவரைக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கும். உறிஞ்சச் சொன்னால் உறிஞ்சும். அதுவும் கண் இமைப்பதற்குள்.

வெயில்கூடத் தேவையில்லை. அதற்கேற்ற இன்வெர்ட்டராக இருந்தால், கிரிட்டிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு ராத்திரியிலும் இந்த வேலையைச் செய்யும்.

அப்போ ஸ்பெயினில் ஏன் செய்யவில்லை?

அப்போது செய்யும்படி விதி இல்லை. 2014-ல் வந்த அரசாணையின்படி, அங்குள்ள சோலார், காற்றாலை நிலையங்கள் ‘பவர் ஃபேக்டர்’ என்ற விகிதத்தை மாற்றாமல் வைத்திருந்தாலே போதுமானதாக இருந்தது. வோல்டேஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்து நடந்துகொள்வது அவற்றின் பொறுப்பாக இருக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விகிதம் மாறாது என்பதால், சோலார் உற்பத்தியைக் குறைத்தால் அது உறிஞ்சும் ரியாக்டிவ் பவரும் சேர்ந்து குறையும். அதாவது, உதவி தேவைப்படும் நேரத்தில் உதவி குறைகிறது.

ஸ்பெயின் அரசு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை யாரையும் தனியாகக் கைகாட்டவில்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் நிலையங்கள் அன்று போதுமான அளவு இல்லை. இருந்த வழக்கமான நிலையங்களில் சிலவும் எதிர்பார்த்த அளவு உறிஞ்சவில்லை. சில நிலையங்கள் கழலத் தேவையில்லாத நேரத்தில் கழன்றன. அதே மாதம் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றி, சோலாரும் காற்றாலையும் வோல்டேஜ் கட்டுப்பாட்டில் இறங்க வழி திறந்தது.

இதெல்லாம் பேப்பரில் மட்டும்தானா?

இல்லை. 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் 300 மெகாவாட் சோலார் நிலையம் ஒன்றில் சோதித்தே பார்த்தார்கள். மாநில கிரிட் ஆபரேட்டர், தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம், ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய சோதனை அது. உற்பத்தியை முழு அளவைவிட 30 மெகாவாட் குறைத்து வைத்து, கிரிட் அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப ஏற்றி இறக்கினார்கள். துல்லியத்தில் வேகமான கேஸ் டர்பைன்களையே சோலார் 24 முதல் 30 புள்ளிகள் முந்தியது.

அதே மாதம், அதே கலிஃபோர்னியாவில், நேர் எதிரான சம்பவமும் நடந்தது. ஆகஸ்ட் 16 அன்று காட்டுத்தீயால் மின்வழித்தடங்களில் கோளாறு ஏற்பட, சுமார் 1,200 மெகாவாட் சோலார் சட்டென்று காணாமல் போனது. பேனல்கள் எரியவில்லை. கண நேரம் குலைந்த அலையைப் பார்த்து, “ஃப்ரீக்வென்சி விழுந்துடுச்சு” என்று பல இன்வெர்ட்டர்கள் தப்பாகப் புரிந்துகொண்டன. அவசரப்பட்டு முடிவெடுக்காமல் இருக்க, பிறகு அவற்றின் செட்டிங்கை மாற்ற வேண்டியிருந்தது.

ஒரே தொழில்நுட்பம்தான். எப்படி செட் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அது கிரிட்டுக்குத் துணையாகவும் நிற்கும், காலை வாரியும் விடும்.

செலவு யாருடையது?

ரியாக்டிவ் பவர் தருவதற்கு இன்வெர்ட்டரில் கொஞ்சம் இடம் மிச்சம் வேண்டும். இங்கே பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம் உதவுகிறது. இன்வெர்ட்டரை 10 சதவீதம் மட்டும் பெரிதாக வாங்கினால், சோலார் முழு உற்பத்தியில் இருக்கும்போதே அதில் சுமார் 46 சதவீத அளவுக்கு ரியாக்டிவ் பவர் தர முடியும். கொஞ்சம் கூடுதல் முதலீடு, பெரிய பலன்.

ஃப்ரீக்வென்சிக்கு உதவுவதுதான் கையைக் கடிக்கும் விஷயம். கலிஃபோர்னியா சோதனையைப் போல உற்பத்தியைக் குறைத்து வைத்தால், விற்காத யூனிட்டுக்குக் காசு வராது. அதை யாராவது ஈடுகட்டாவிட்டால் எந்த நிறுவனமும் தானாக முன்வராது.

நம்ம ஊரில்?

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள், கிரிட்டில் புதிதாகச் சேரும் பெரிய சோலார் நிலையங்கள் நிலைமைக்கு ஏற்ப ரியாக்டிவ் பவரை மாற்றித் தர வேண்டும் என்கின்றன. 2013-லேயே வந்த விதி இது. கமுதியின் 648 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது அதன் பிறகு, 2016-ல்.

ஆனால், விதி இருப்பது வேறு, உச்சி வெயிலில் வோல்டேஜ் எகிறும்போது ஒவ்வொரு இன்வெர்ட்டரும் சொன்னபடி நடப்பது வேறு. அதைக் களத்தில் அடிக்கடி சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பெயினுக்கு அது தெரியவந்தது இருட்டிய பிறகு.