மஜ்ஜையில் தோன்றும் நோய்



எலும்பு என்றதும் காய்ந்த கட்டையைப் போன்ற ஒரு பொருளே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் முதுகெலும்பு, விலா எலும்பு, இடுப்பெலும்பு முதலியவற்றின் உட்புறத்தில் மஜ்ஜை என்னும் மென்மையான பொருள் நிறைந்திருக்கிறது. இரத்தத்தின் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் இரவு பகலாக அங்கேதான் உற்பத்தியாகின்றன. அந்த உற்பத்திச் சாலையில் நேரும் ஒரு கேட்டைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மல்டிபிள் மைலோமா என்பது அதன் பெயர். இரத்தத்தைச் சார்ந்த புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. கல்லூரியில் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்; மருத்துவன் அல்லன். ஆயினும் 2017-ஆம் ஆண்டு முதல் இந்நோயுடன் வாழ்ந்து வருகிறேன். ஆகவே நூல்களில் படித்ததோடு உடம்பில் கண்டதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இயலும்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். வெள்ளணுக்களில் ஒரு வகையிலிருந்து பிளாஸ்மா அணுக்கள் தோன்றுகின்றன. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்து தருவது அவற்றின் தொழில். அப்புரதங்களை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். ஒவ்வொரு பிளாஸ்மா அணுவும் ஒரே வகையான எதிர்ப்பொருளை மட்டுமே செய்யும். நலமுள்ள உடலில் பல்லாயிரம் வகை அணுக்கள் பல்லாயிரம் வகை எதிர்ப்பொருள்களைச் செய்கின்றன. மைலோமாவிலோ, ஒரே ஓர் அணு கட்டு மீறிப் பெருகத் தொடங்குகிறது. அதன் சந்ததி மஜ்ஜையெங்கும் பரவி, எதற்கும் பயன்படாத ஒரே புரதத்தை மலை மலையாகக் குவிக்கிறது.

இதனால் நான்கு தீமைகள் விளைகின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்களை இந்நோய் தூண்டிவிடுகிறது. எலும்பைக் கட்டும் அணுக்களை அடக்கிவிடுகிறது. எனவே எலும்புகளில் துளைகள் விழுகின்றன. கரைந்த எலும்பின் கால்சியம் இரத்தத்தில் மிகுகிறது. பயனற்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்குகிறது. மஜ்ஜையில் இடம் இழந்த சிவப்பணுக்கள் குறைந்து இரத்தச் சோகை உண்டாகிறது. இந்நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் நண்டு என்று பொருள்படும் சொல் கிடைக்கிறது. புற்றுநோய்க்கு மேனாட்டார் பழங்காலத்தில் இட்ட பெயரும் நண்டு என்பதே. மருத்துவ மாணவர்கள் இக்குறியை எளிதில் மறப்பதில்லை.

இந்நோயை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1845-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வணிகர் தாங்க முடியாத எலும்பு வலியால் துன்புற்றார். அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் மேக்கின்டயர், நோயாளியின் சிறுநீரில் ஒரு புதுமையைக் கண்டார். மற்றொரு மருத்துவரான தாமஸ் வாட்சனும் அவரும் அச்சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் இரசாயன மருத்துவருக்கு அனுப்பினர். அதில் இருந்த புரதம் இளஞ்சூட்டில் திரிந்தது. கொதிக்க வைத்தால் கரைந்தது. ஆற விட்டால் மீண்டும் திரிந்தது. முட்டையின் வெண்கருவை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை வெந்து கட்டியானால், எவ்வளவு கொதித்தாலும் அது மீண்டும் கரைவதில்லை. இப்புரதமோ இயல்புக்கு மாறாக நடந்துகொண்டது. அந்த வணிகர் 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்தார். ஆனால் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அது எதிர்ப்பொருளின் ஒரு பகுதியாகிய இலேசான சங்கிலியே என்பதை 1962-இல் அமெரிக்காவில் எடெல்மன், கேலி என்னும் இருவர் நிறுவினர். எதிர்ப்பொருளின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக எடெல்மனும் ஆங்கிலேயரான போர்ட்டரும் 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

என் கதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாத காலம் எனக்கு முதுகு வலித்தது. வயதின் காரணம் என்றார் ஒருவர். வாயு என்றார் வேறொருவர். தைலங்களும் வலி மாத்திரைகளும் வந்தன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இறுதியில் ஓர் இளம் மருத்துவர், வலியையும் சோகையையும் ஒன்று சேர்த்து எண்ணிப் பார்த்தார். இரத்தத்தில் மொத்தப் புரதம் மிக அதிகமாக இருந்தது அவருக்கு ஐயத்தைத் தந்தது. மின்புலத்தில் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனைக்கு அனுப்பினார். எலெக்ட்ரோபோரெசிஸ் என்னும் அம்முறையைச் செம்மைப்படுத்திய டிசெலியஸ் 1948-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரைப் பற்றி நான் எத்தனையோ வகுப்புகளில் பேசியிருக்கிறேன். நலமுள்ளவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் சிறு குன்றைப் போல் பரந்து தோன்றும். என் தாளிலோ அந்த இடத்தில் ஒரு கூரிய கோபுரம் நின்றது. ஒரே வகைப் புரதம் குவிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். மருத்துவர் விளக்குமுன்பே எனக்கு அது விளங்கிவிட்டது. அன்று என் மனைவி என்ன என்று கேட்டபோது, விடை தெரிந்திருந்தும் வாய் வரவில்லை.

1950-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இந்நோய் கண்டவர்களுக்கு மருத்துவர்கள் செய்யக்கூடியது மிகச் சொற்பம். பெரும்பாலோர் ஓராண்டைக் கடப்பதே அரிது. பின்னர் மெல்ஃபலன் என்னும் மருந்து வந்தது. போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலக்கூற்றை, ஃபீனைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தோடு இணைத்து உருவாக்கப்பட்டது அது. இங்கிலாந்திலும் சோவியத் நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்தகைய மருந்து ஆராயப்பட்டது. 1958-இல் சோவியத் மருத்துவர் புளோகின், மைலோமா நோயாளிகள் சிலருக்கு அது பயன் தந்ததை வெளியிட்டார். 1983-இல் மேக்கெல்வெயின், பவுல்ஸ் என்னும் இங்கிலாந்து மருத்துவர்கள் அம்மருந்தை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தனர். நோய் அணுக்கள் மடிந்தன. ஆனால் நல்ல மஜ்ஜையும் உடன் மடிந்தது. ஆகவே நோயாளியின் மூல அணுக்களை முன்னதாகவே எடுத்து வைத்திருந்து, மருந்துக்குப் பின் திரும்ப அவர் உடலிலேயே செலுத்தும் முறை பிறந்தது. விதை நெல்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, களை மண்டிய வயலை முற்றிலும் உழுது போடுவதைப் போன்றது இது. 1996-இல் வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்று இம்முறையின் மேன்மையை மெய்ப்பித்தது.

எனக்கும் 2018-இல் அச்சிகிச்சை நடந்தது. தலைமயிர் உதிர்ந்தது, வாய் புண்ணாயிற்று, தண்ணீர் விழுங்குவதும் துன்பமாக இருந்தது. வெள்ளணுக்கள் முற்றும் அற்றுப் போன நாட்களில் என் அறைக்குள் முகமூடி அணியாமல் ஒருவரும் வருவதில்லை. பன்னிரண்டாம் நாள் இரத்தச் சோதனையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சற்றே உயர்ந்தது. தாதி அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். வாழ்க்கையில் நான் பெற்ற மதிப்பெண்களில் எதுவும் அவ்வளவு மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

இனி, விஞ்ஞான வரலாற்றிலேயே விந்தையான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் பலர் அதை உண்டனர். கை கால்கள் வளராத குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன; அவர்கள் தொகை பதினாயிரத்துக்கும் மேல் என்பர். 1961-இல் அங்கே மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையார் அதற்கு அனுமதி தர மறுத்தமையால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது. இவ்வாறு பழி சுமந்த அம்மருந்து புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறது என்று 1994-இல் பாஸ்டன் நகரில் டமட்டோ என்பவர் கண்டார். புற்றுநோயும் புதிய இரத்தக் குழாய்களை நாடுவது அன்றோ? எனவே ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பார்லோகியின் குழுவினர், வேறு வழியற்ற 84 மைலோமா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. 1999-இல் வெளியான அவ்வறிக்கையின் முதல் ஆசிரியர் சீமா சிங்கல் என்பவர்.

மருந்து வேலை செய்யும் விதம் வெகு காலம் புலப்படவில்லை. 2010-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், அது உடலில் செரிப்ளான் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது எனக் கண்டனர். வேண்டாத புரதங்களுக்கு அழிவு முத்திரை இடும் அமைப்பின் ஓர் உறுப்பு செரிப்ளான். மருந்து அதைப் பற்றியதும், மைலோமா அணு உயிர் வாழத் தேவையான புரதங்களின் மீதே அம்முத்திரை விழுகிறது. தாலிடோமைடின் வழித்தோன்றலாகிய லெனாலிடோமைடும் இவ்வாறே செயல்படுகிறது. கருவில் உள்ள குழந்தைக்கு வேண்டிய வேறு புரதங்களையும் இம்மருந்துகள் அழிக்கக்கூடும். ஆதலால் இன்றும் கருவுற்றவர்கள் இவற்றை உட்கொள்ளலாகாது. ஒருவருக்கு நஞ்சானது மற்றொருவருக்கு மருந்தாவதன் காரணத்தை இரசாயனம் இவ்வாறு விளக்குகிறது.

2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப் வேறு வழியில் தாக்குகிறது. உயிரணுக்களில் பழைய புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்னும் ஆலை உண்டு. மைலோமா அணு அளவுக்கு மீறிப் புரதம் செய்வதால் அதன் கழிவும் மிகுதி. அந்த ஆலையை மருந்து அடைத்துவிட்டால், அணு தன் கழிவிலேயே மூச்சு முட்டி மடிகிறது. இம்மருந்தின் மூலக்கூற்றில் போரான் இருப்பதை இரசாயன மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வேறொரு விந்தையும் உண்டு. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கேம்பிரிட்ஜில், சுண்டெலியின் மைலோமா அணுவை எதிர்ப்பொருள் செய்யும் அணுவோடு இணைத்தனர். சாகாமல் பெருகும் மைலோமாவின் இயல்பும் விரும்பிய எதிர்ப்பொருளைச் செய்யும் திறமும் ஒன்று சேர்ந்தன. அந்நெறியின் வழிவந்ததே 2015-இல் மைலோமாவுக்கு அனுமதி பெற்ற டாராட்டுமுமாப். நோயின் வலிமையைக் கடன் வாங்கி, அந்நோயின் மீதே திருப்பினர். 2022-இல் எனக்கு நோய் திரும்பியபோது அதைத் தணித்தது இம்மருந்துதான். நோயாளியின் டி-அணுக்களை வெளியே எடுத்து, மைலோமாவை அடையாளங்காணப் பயிற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அங்கே அதன் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல். இந்திய நிறுவனங்கள் லெனாலிடோமைடையும் போர்டிசோமிபையும் தயாரிப்பதால்தான் என் போன்றோர் சிகிச்சையைத் தொடர முடிகிறது. அவ்விலையும் எட்டாத குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனையோ. மருத்துவமனைக் கூடத்தில் என் அருகில் அமர்ந்திருந்த ஒரு விவசாயி மூன்றாம் மாதத்துக்குப் பின் வரவில்லை. அவர் நிலத்தை விற்க மனமின்றி நின்றுவிட்டார் என்று பிறர் சொன்னார்கள்.

இந்நோயுடன் வாழ்வது எப்படி என்று கேட்கலாம். நிறையத் தண்ணீர் பருகுகிறேன். சிறுநீரகத்துக்கு அது காவல். நானாக வலி மாத்திரை வாங்கி உண்பதில்லை. எலும்பை உறுதியாக்கும் ஊசியால் தாடை எலும்புக்குக் கேடு வரக்கூடும் என்பதால், பல் மருத்துவரைத் தவறாமல் காண்கிறேன். பெரும்பாரத்தைத் தூக்குவதில்லை, ஆனால் நாள்தோறும் நடக்கிறேன். போர்டிசோமிபின் விளைவாகப் பாதங்களில் மரமரப்பு நிலைத்துவிட்டது. இருட்டில் செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. டெக்ஸாமெத்தசோன் உண்ணும் நாள் இரவில் உறக்கம் இல்லை. அந்த நேரத்தில் பேரனின் கணக்குப் புத்தகத்தைத் திருத்துகிறேன். மாதந்தோறும் சோதனைத் தாள் வரும்வரை வீட்டில் எவரும் அதிகம் பேசுவதில்லை. அச்சத்துக்கு மருந்து எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பெரும்பாலோருக்கு இந்நோய் முற்றிலும் நீங்குவதில்லை. தணிகிறது, திரும்புகிறது, மீண்டும் தணிகிறது. ஆயினும் அமெரிக்கக் கணக்குப்படி, 1970-ஆம் ஆண்டுகளின் நடுவில் நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். அண்மைக் காலத்தில் அத்தொகை 60-ஐ ஒட்டியிருக்கிறது. அடுத்து, நோயை முன்கூட்டியே காணும் முயற்சியும் நடக்கிறது. மைலோமாவுக்கு முன்பு, துன்பம் தராத ஒரு நிலையில் அந்த ஒற்றைப் புரதம் இரத்தத்தில் தோன்றுகிறது. 1978-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கைல் அதற்குப் பெயரிட்டார். அந்நிலையில் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவரே நோய்க்கு ஆளாகின்றனர். ஐஸ்லாந்தில் 2016-இல் தொடங்கிய ஆராய்ச்சியில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாமே முன்வந்து சேர்ந்தனர். எவரை முன்னதாகவே கண்டு காக்கலாம் என்பதை அவர்களுடைய இரத்தம் நமக்குச் சொல்லக்கூடும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் பல வாரங்களாக முதுகு வலிக்கிறது என்றும், சோர்வாக இருக்கிறது என்றும் சொன்னால், முதுமை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது மைலோமாவாக இராது. எனினும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். எலும்பு முறிவதற்கும் சிறுநீரகம் பழுதாவதற்கும் முன்னர் நோய் தெரிந்தால், வாழும் நாளும் மிகும். அந்த நாட்களில் எழுந்து நடமாடும் வலிமையும் நிற்கும்.