பல அளவுகளை ஒரு தாளிற் காணல்

பல அளவுகள் ஒருங்கே கிடைக்குமிடத்து எது எதனோடு கூடி ஏறுகின்றது, எது தனித்து நிற்கின்றது என அறிதல் எளிதன்று. அளவுகள் இரண்டாயின் தாளிற் குறித்துக் காணலாம். பலவாயின் தாள் போதாது. இவ்விடர் தீர்க்க உதவுவதே தலைமைக் கூற்றுப் பகுப்பு. 1901ஆம் ஆண்டில் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு வித்திட்டார். 1933ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹரல்ட் ஹொட்டலிங் கல்வி உளவியற் சஞ்சிகையொன்றில் இதனை விரித்தெழுதினார். ஆகவே இம்முறை பள்ளிக்கூடத்துக்கு அந்நியமன்று.

முதலில் ஒவ்வோர் அளவையும் அதன் இடையைக் கழித்து, நியமவிலகலால் வகுத்து, ஒரே தரத்ததாக்குவர். பின்னர்க் குற்றுக்களின் கூட்டம் எத்திசையில் மிகப் பரந்துள்ளதோ அதனை முதலச்சாகக் கொள்வர். அதற்குச் செங்கோணமான திசைகளுள் எஞ்சிய பரம்பல் மிக்கது இரண்டாம் அச்சாகும்.

புனைந்த நிலைமையொன்றைக் கொள்வோம். தமிழ், சமயம் ஆகியவற்றின் பரீட்சைப் புள்ளிகள் தம்முள் 0.8 என்னும் இணைபுடையன. கணிதம் இரண்டோடும் இணைபற்றது என நாமே விதிப்போம். மொத்தப் பரம்பலாகிய 3இல் முதலச்சு 1.8ஐயும், இரண்டாவது 1ஐயும், மூன்றாவது 0.2ஐயும் பெறும். முதலிரண்டும் நூற்றுக்கு 93 பங்கைத் தாங்குதலின் மூன்றாவதை விடுத்து வரையலாம். அப்படத்தில் தமிழும் சமயமும் ஒரே திசை நோக்கும் அம்புகளாகும். கணிதம் அவற்றுக்குச் செங்கோணத்தில் நிற்கும். இணைபை −0.8 என மாற்றின் முதலிரு அம்புகளும் எதிரெதிர்த் திசை நோக்கும்.

ஒரே திசை நோக்குதலால் இரண்டும் ஒன்றே எனக் கருதலாகாது. அவ்வம்புகளின் நீளம் 1 ஆகாது ஏறத்தாழ 0.95 ஆக நிற்றலே, நாம் விடுத்த மூன்றாம் அச்சில் ஒரு வேறுபாடு மறைந்துளதென்பதற்குச் சான்று.

இனி, இணைபுகள் யாவற்றையும் 0 என விதிப்பின் மூன்றச்சுகளும் சமமாம். தலைமைத் திசை என ஒன்றில்லை. ஆயினும் சில மாணவரை மட்டும் கொண்டு கணக்கிடின், தற்செயலால் ஓரச்சு முந்தி நிற்கும். அதற்குப் பொருள் கற்பிப்போர் நிழலுக்குப் பெயரிடுவோராவர். உண்மை முன்னரே தெரிந்த புனைவு நிலைமைகளிற் கண்ணைப் பழக்குதலின் பயன் இதுவே.

மாணவரை ஒரே எண்ணால் நிறுக்கும் ஆசிரியராகிய நாமும் இதனை ஓர்தல் வேண்டும். மேற்காட்டிய உதாரணத்தில் முதலச்சை மட்டும் நோக்குவோர்க்குக் கணிதத்திற் சிறந்தவனும் அதிற் பின்னிற்பவனும் ஒன்றாகவே தோன்றுவர். சுருக்கம் நன்று; சுருக்கியபோது எது விடுபட்டதென வினவுதல் அதனினும் நன்று.