ஆயுசு கெட்டி!

பெருவின் லிமாவிலிருந்து புக்கால்பாவுக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆண்டிஸ் மலையைத் தாண்டினால் அமேசான் காடு, காட்டோரத்தில் அந்த ஊர். 1971 டிசம்பர் 24 அன்று லான்சா நிறுவனத்தின் 508 விமானம் பல மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. விடிந்தால் கிறிஸ்துமஸ். இடம் கிடைத்ததே பெரிது என்று ஏறி உட்கார்ந்தவர்களும் ஊழியர்களுமாக விமானத்தில் மொத்தம் 92 பேர்.

பத்தொன்பதாவது வரிசையில் ஜன்னலோரம் யூலியானே கோப்கே. வயது 17. முந்தைய நாள்தான் பள்ளியில் பட்டமளிப்பு விழா முடிந்திருந்தது. அதை விட்டுவிட்டு வர மனமில்லாததால்தான் பயணத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அம்மா மரியா. பறவைகளை ஆராய்ச்சி செய்பவர். அப்பா ஹான்ஸ் வில்ஹெல்ம் விலங்கியல் அறிஞர். பெருவில் குடியேறிய ஜெர்மன் குடும்பம். லான்சா விமானங்கள் ஏற்கெனவே விபத்தில் சிக்கியிருந்ததால் அதில் மட்டும் ஏற வேண்டாம் என்று அப்பா சொல்லித்தான் இருந்தார். மற்ற விமானங்களில் இடமில்லை.

மலையைத் தாண்டியதும் கருமேகம் சூழ்ந்தது. விமானம் தூக்கிப் போட்டதில் மேலே அடுக்கியிருந்த பைகளும் பரிசுப் பொட்டலங்களும் தலைமேல் கொட்டின. வலப்பக்க இறக்கையில் கண் கூசும் வெளிச்சம். இனி அவ்வளவுதான் என்று அம்மா சொன்னது யூலியானேவின் காதில் விழுந்தது. அடுத்த கணம் இரைச்சல் இல்லை, விமானம் இல்லை, பக்கத்தில் அம்மாவும் இல்லை. பெல்ட் இறுக்கிய இருக்கையோடு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலிருந்து அவள் விழுந்துகொண்டிருந்தாள். கீழே காடு சுழல்வது தெரிந்தது. அதோடு நினைவு போய்விட்டது.

மறுநாள் காலை கண் விழித்தபோது காட்டுத் தரையில் கிடந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. கையில் ஆழமான வெட்டு. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. கிட்டப்பார்வைக்காரிக்குக் கண்ணாடியும் போய்விட்டது. கையில்லாத குட்டைக் கவுன், ஒரு காலில் மட்டும் செருப்பு. அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதற்குக் காரணங்கள் சொல்கிறார்கள். மூன்று இருக்கைகள் கொண்ட அந்த வரிசை இறக்கை முளைத்த விதை போலச் சுழன்று இறங்கி வேகம் குறைந்திருக்கலாம். புயல் மேகத்துக்குள் மேல்நோக்கி வீசும் காற்று தாங்கியிருக்கலாம். பின்னிக் கிடந்த கொடிகளும் கிளைகளும் அடியை வாங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாம் ‘கலாம்’தான். நம்மூரில் இதற்கு ஒரே வார்த்தை, ஆயுசு கெட்டி.

ஆனால் அந்த வார்த்தை டிசம்பர் 25 காலை வரைக்கும்தான் செல்லும். விழுந்த பிறகும் வேறு சிலர் உயிரோடு இருந்திருக்கிறார்கள், உதவி வரும்வரை அவர்களால் தாங்க முடியவில்லை, அவர்களில் தன் அம்மாவும் ஒருவர் என்று யூலியானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் விழுந்து பிழைத்தது ஒரு கதை. அதற்குப் பின் நடந்து பிழைத்தது வேறு கதை. நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் முதல் கதைதான். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

1968-ல் அந்த அப்பாவும் அம்மாவும் யூயாபிச்சிஸ் ஆற்றங்கரையில் பாங்குவானா என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி நிலையம் என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை, ஓலைக் குடிசைதான். மகளையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். தேர்வுக்காக லிமா திரும்பும்வரை ஒன்றரை வருடம் அவளுக்கு அந்தக் காடுதான் வீடு. நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரே பச்சைச் சுவராகத் தெரிந்திருக்கும் இடத்தில், எந்தக் குரல் எந்தப் பறவையுடையது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. வழி தவறினால் ஓடும் தண்ணீரைத் தேடு, அது போகும் திசையிலேயே போ, சிற்றோடை பெரிய ஓடையில் சேரும், பெரிய ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் ஆள் இருப்பார்கள். அப்பா சொல்லிக் கொடுத்த பாடம் இது.

முதலில் அம்மாவைத் தேடினாள். ஒரு நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அதுதான் ஓடையின் தொடக்கம். விழுந்த இடத்தில் ஒரு பை மிட்டாய் கிடைத்திருந்தது. சாப்பாடு என்று சொல்ல அது ஒன்றுதான். மழைக்காலம் என்பதால் பழங்கள் கண்ணில் படவில்லை. தெரியாத காய் எதையும் வாயில் வைப்பதில்லை என்று உறுதியாக இருந்தாள். ஓடைத் தண்ணீரை மட்டும் குடித்தாள். பாம்பு இருந்தால் செருப்பு தாங்கட்டும் என்று ஒவ்வோர் அடியிலும் செருப்புக் காலையே முன்னே வைத்தாள். ஓடை அகன்றதும், தரையில் புதைந்து கிடக்கும் திருக்கை மீன்களுக்குப் பயந்து குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆழம் கூடியதும் நடு ஆற்றில் நீந்தினாள். பிரானா மீன்கள் தேங்கிய ஆழமற்ற நீரில்தான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள் வாக்கில் ராஜக் கழுகுகளின் சிறகோசை. பிணம் இருந்தால்தான் அவை கூடும். ஓடை திரும்பிய இடத்தில் மூன்று பேர் இருக்கையோடு தலைகீழாக மண்ணில் புதைந்து கிடந்தார்கள். அவர்களில் ஒரு பெண். அது அம்மாவாக இருக்குமோ என்று குச்சியால் காலைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நகங்களில் பூச்சு இருந்தது. அம்மா நகத்துக்குப் பூச்சு போடுகிறவர் இல்லை. மேலே தேடும் விமானங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரக் கூரைக்கு அடியில் இருந்தவளை அவர்களால் எப்படிப் பார்க்க முடியும்? ஒரு நாள் அந்தச் சத்தமும் நின்றுபோனது.

பிறகு ஹோவாட்சின் பறவையின் குரல் கேட்டது. கோழி அளவுள்ள, கொண்டை வைத்த, நாற்றமடிக்கும் பறவை. பெரிய நீர்நிலையை ஒட்டித்தான் கூடு கட்டும். பறவையியல் அறிஞரின் மகளுக்கு அந்தக் குரல் போதும். ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது!

பத்தாம் நாள், நடக்கவே முடியாத நிலையில், கரையில் ஒரு படகைப் பார்த்தாள். மேட்டில் ஏறினால் ஒரு குடிசை. ஆளில்லை. ஒரு கேனில் பெட்ரோல் இருந்தது. அவள் கைக் காயத்தில் அதற்குள் புழு வைத்திருந்தது. வீட்டு நாய்க்குப் புழு வைத்தபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்ததைப் பார்த்திருந்தாள். பெட்ரோலைக் காயத்தில் விட்டாள். வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். முப்பது வரை எண்ணியிருக்கிறாள். படகை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அடுத்தவர் படகைத் திருடுவதா என்று விட்டுவிட்டாள்! மறுநாள் மரம் வெட்டுகிறவர்கள் குடிசைக்கு வந்தார்கள். கண் சிவந்து, தலைமுடி வெளுத்த அந்த உருவத்தைக் கண்டு நீர்த் தேவதையோ என்று முதலில் மிரண்டார்கள். நான் விமானத்திலிருந்து விழுந்தவள் என்று அவள் ஸ்பானிஷில் சொன்ன பிறகுதான் கிட்டே வந்தார்கள்.

92 பேரில் பிழைத்தது அவள் ஒருத்தி. பின்னாளில் ஜெர்மனியில் உயிரியல் படித்து, வௌவால்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். அப்பா 2000-ல் இறந்த பிறகு பாங்குவானாவின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அந்தக் காட்டை 2011-ல் பெரு அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மன உறுதியில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற 91 பேருக்கு உறுதி போதவில்லை என்று ஆகிவிடுகிறதே! மகளைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு எவ்வளவு துடித்திருக்கும்? மன உறுதி இல்லாமல் பத்து நாள் நடக்க முடியாதுதான். ஆனால் எந்தப் பக்கம் நடப்பது என்று உறுதி சொல்லித் தராது.

மனசே இல்லாமல் பிழைத்துக் காட்டும் ஓர் உயிர் இருக்கிறது. அலாஸ்காவிலும் கனடாவிலும் வாழும் காட்டுத் தவளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குளிர்காலம் வந்தால் பல தவளைகள் குளத்தடிக்கோ ஆழமான வளைக்கோ போகும். இது சருகுக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறது. பனி அதையும் விடுவதில்லை. உடம்பிலுள்ள நீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் கட்டியாகிவிடும். மூச்சு நிற்கும். இதயம் நிற்கும். தட்டினால் கல் போல டக்கென்று சத்தம் வரும். அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஆராய்ந்தவர்கள், இந்தத் தவளைகள் மைனஸ் 18 டிகிரிக் குளிரில்கூட ஏழு மாதம் வரை இப்படியே கிடந்து எழுந்ததைக் கண்டார்கள்.

சூட்சுமம் சர்க்கரையில் இருக்கிறது. தோலில் பனி படிந்ததும் கல்லீரல் தன் இருப்பையெல்லாம் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிறது. உயிரணுவுக்கு வெளியே உள்ள நீர் உறைந்தாலும் உள்ளே சர்க்கரை கெட்டியாக நிறைந்திருப்பதால் உயிரணு கிழிவதில்லை. இலையுதிர் காலத்தில் இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் சில வரும். ஒவ்வொரு முறையும் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. கடுங்குளிர் வருவதற்குள் உடம்பு ஒத்திகை பார்த்து முடித்துவிடுகிறது. வசந்தத்தில் வெளியே உருகும் முன்பே உள்ளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தவளை போராடவே இல்லை. எதிர்ப்பதை நிறுத்திவிட்டு, செலவைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

காட்டைத் தெரிந்தவள் காட்டில் பிழைத்தாள், சரி. கடலைத் தெரியாதவர் கடலில்? பூன் லிம் சீனாவின் ஹைனான் தீவுக்காரர். பென் லோமண்ட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் பணியாளர். வயது 24. நீச்சலும் சுமார்தான். 1942 நவம்பர் 23 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அட்லாண்டிக்கில் அந்தக் கப்பலை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து ஒரு மரத் தெப்பம் கிடைத்தது. எட்டடிச் சதுரம். அதில் பிஸ்கட் டப்பாக்கள், ஒரு ஜாடி தண்ணீர், சாக்லேட், சர்க்கரைக் கட்டி, ஒரு டார்ச் லைட்.

கணக்குப் போட்டுத் தின்றாலும் சில வாரத்துக்கு மேல் வராது. அப்போதுதான் அவருடைய கை வேலை தொடங்கியது. டார்ச்சுக்குள் இருந்த கம்பிச் சுருளை எடுத்து வளைத்துத் தூண்டில் முள் செய்தார். தெப்பத்தின் கயிற்றைப் பிரித்து நரம்பாக்கினார். பிஸ்கட் மாவைக் குழைத்து இரை. சின்ன மீன் மாட்டியதும் பெரிய மீனுக்கு ஆசை வந்தது. பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி அதையும் முள்ளாக்கினார். மீனைக் கீறி வெயிலில் கருவாடு போட்டார். கான்வாஸ் துணியை விரித்து மழைத் தண்ணீர் பிடித்தார். கடலில் தவறி விழுந்தால் திரும்ப ஏற முடியாது என்று தன் மணிக்கட்டைத் தெப்பத்தோடு கட்டிக்கொண்டார். கால் மரத்துப் போகாமல் இருக்கக் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் தெப்பத்தைச் சுற்றி நீந்தினார்.

ஒரு புயல் கருவாட்டையும் குடிநீரையும் பாழாக்கியது. கடற்பறவை ஒன்றைப் பிடித்து அதன் ரத்தத்தைக் குடித்தார். இன்னொரு நாள் பறவையின் மிச்சத்தை இரையாக்கி ஒரு சுறாவையே தெப்பத்தில் இழுத்துப் போட்டு, தண்ணீர் ஜாடியால் அடித்துக் கொன்றார். ஒரு கப்பல் அவரைப் பார்த்தும் நிற்காமல் போனது. ஒரு விமானம் அடையாள மிதவை போட்டுவிட்டுப் போக, புயல் அடித்து அவரை வேறெங்கோ தள்ளிவிட்டது. ஒருநாள் தண்ணீரின் ஆழ்நீலம் வெளிறியது. கரை கிட்டே வந்துவிட்டது என்று புரிந்தது. 1943 ஏப்ரல் 5 அன்று பிரேசில் மீனவர்கள் அவரைத் தூக்கினார்கள். 133 நாள். பெலெம் துறைமுகத்தில் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனார். எடை குறைந்தது ஒன்பது கிலோ. கப்பலில் இருந்தவர்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

மன்னர் ஆறாம் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார். பூன் லிம் செய்த தந்திரங்களைப் பிரிட்டிஷ் கடற்படை தன் கையேட்டிலேயே சேர்த்துக்கொண்டது. இந்தச் சாதனையை யாரும் முறியடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்று அவர் சொன்னார்.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் குடியேற நினைத்தார். சீனர்களுக்கு அங்கே அப்போது வருடத்துக்கு 105 பேர் என்று வரையறை. அந்த இடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. அந்த 105 என்ற எண்ணைக் கொண்டுவந்த 1943 சட்டத்துக்குக் காரணமாயிருந்த வாரன் மாக்னுசனே பிறகு செனட்டராக இருந்து இவருக்குத் தனி அனுமதி வாங்கித் தந்தார். அமெரிக்கக் கடற்படையில் சேரப் போனபோது, பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வணிகக் கப்பலில் பழைய பணியாளர் வேலைக்கே போனார். 1991-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் காலமானார்.