கடையிலும் கிட்டங்கியிலும் சிலந்தி: எதை அகற்றுவது, எதை விட்டு வைப்பது?

ஆயுத பூஜை நெருங்கினால் நம் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் ஒட்டடைக் கோல் வெளியே வருகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டிலும் அதே வேலை. மற்ற நாட்களில் சிலந்தியைப் பற்றி நாம் நினைப்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் "ரவையில் சிலந்தி வலை" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போதுதான் நினைக்கிறோம். கீழே கடை, மேலே வீடு என்று வாழும் நம்மைப் போன்றவர்களால் சிலந்தியை அடியோடு ஒழித்துவிட முடியாது. ஆனால் அதன் குணம் தெரிந்திருந்தால் சரக்குக்கும் குடும்பத்துக்கும் நன்மை உண்டு. நாம் அறிந்தவற்றை உறுப்பினர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

சிலந்தி எப்படிப்பட்ட உயிர்?

எட்டுக்கால் பூச்சி என்று சொன்னாலும் சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அல்ல. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி வகைகள் 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐத் தாண்டின. அவற்றில் நம் சுவர்களுக்குள் வருபவை சிலவே. விட்டத்து மூலையில் மயிரிழை போன்ற நீண்ட கால்களோடு தொங்கி, தொட்டால் உடலைக் கிடுகிடுவென்று ஆட்டும் ஒன்று. வலை பின்னாமல் சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கும் சிறியது ஒன்று. உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து இரவில் கரப்பான் வேட்டையாடும் பெரியது ஒன்று.

இந்தப் பெரியது நம் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது. வாழைத்தாரிலும் சரக்குப் பெட்டிகளிலும் ஒளிந்து கப்பலேறி, இன்று வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவிவிட்டது. பெண் சிலந்தி வயிற்றின் கீழ் வெள்ளைக் காசு போல ஒன்றைச் சுமந்து திரியும். அதை விஷப்பை என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது முட்டைப்பை.

ரவையில் உள்ள நூல் யாருடையது?

இதை ஒவ்வொரு மளிகைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரவை, மைதா, அரிசி, கடலைப்பருப்பு ஆகியவற்றில் மெல்லிய நூல் ஓடி, மணிகள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது சிலந்தியின் வேலை அல்ல. சிலந்தி தானியம் தின்பதில்லை. அதன் உணவு உயிருள்ள பூச்சி. சரக்குக்குள் நூல் விடுவது அரிசி அந்துப்பூச்சியின் புழு. சாம்பல் நிறத்தில் மாலை நேரத்தில் மூட்டைகளைச் சுற்றிப் பறக்கும் சிறு பூச்சியின் பிள்ளை அது.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் ஒட்டடை அடித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவோம். புழுவோ மூட்டைக்குள் பெருகிக்கொண்டிருக்கும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், புழுவோ வண்டோ பிடித்த உணவைப் பாதுகாப்பற்ற உணவாகவே கருதுகிறது. அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, உணவில் அயல்பொருள் கலந்திருந்தால் தயாரித்தவர் மட்டுமல்ல, இருப்பு வைத்தவரும் விற்றவரும்கூட ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு உள்ளாகலாம். நூல் யாருடையதானாலும், பதில் சொல்ல வேண்டியவர் கல்லாவில் இருப்பவர்தான்.

வலையும் ஒரு பேரேடு

சிலந்தி இரையின் சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சக்கையை விட்டுவிடும். ஆகவே வலையை அடித்துத் தள்ளுமுன் ஒரு வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பாருங்கள். அது கிட்டங்கியின் கணக்கைக் காட்டும். கொசு அதிகம் இருந்தால் அருகில் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்துப்பூச்சியின் இறகு இருந்தால் பக்கத்து அடுக்கில் பழைய மூட்டை ஒன்று கெட்டிருக்கிறது. அரிசி வண்டின் ஓடு கிடந்தால் உடனே இருப்பைச் சலித்துப் பார்க்க வேண்டும். இரை இல்லாத இடத்தில் சிலந்தி தங்குவதில்லை. திடீரென்று வலைகள் கூடினால் பூச்சி கூடியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அதற்காகச் சிலந்தியையே காவலுக்கு வைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. அரிசி வண்டு தானிய மணிக்குள்ளேயே முட்டையிட்டு, அதன் புழு உள்ளேயே வளர்கிறது. சிலந்திக்கு அது எட்டாது. சரக்கைக் காப்பது நம் வேலை.

கடியும் கொப்புளமும்

வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவை மனிதரைக் கடிப்பதில்லை. நசுங்கும்போதோ கையில் அகப்படும்போதோ கடித்தாலும் சிறு எரிச்சலோடு போய்விடும். மரப்பொந்திலும் மண் வளையிலும் வாழும் ரோமம் அடர்ந்த பெரிய வகைகளைத் தொடக் கூடாது. அவை கடித்தால் வலி கடுமையாக இருக்கும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைக்கலாம். வியர்வை, தசைப்பிடிப்பு, மூச்சுத் திணறல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்யாத குற்றத்துக்கும் சிலந்தி பழி சுமக்கிறது. மழைக்காலத்தில் குழல் விளக்கைத் தேடி வரும், எறும்பு போன்ற சிவப்பும் கறுப்புமான ஒரு சிறு வண்டு உண்டு. கழுத்தில் ஊரும்போது கையால் நசுக்கினால் அதன் நீர் பட்டு மறுநாள் தோல் வெந்துபோகும். அதையும் 'எட்டுக்கால் பூச்சி ஓடியது' என்கிறோம். ஊதித் தள்ளிவிட்டுச் சோப்பால் கழுவுவதே சரி.

உடலின் ஒரு பக்கமாகப் பட்டை போல் எரிச்சலோடு கொப்புளம் வரும் அக்கியையும் சிலந்தியின் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. சின்னம்மை வந்தவர் உடலில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும் கிருமியே மீண்டும் தலைதூக்கி அக்கியாகிறது. செம்மண்ணால் அக்கி எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாமல், மூன்று நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். கண்ணருகில் வந்தால் அன்றே செல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி என்ற நோயும் பெயரளவில்தான் சிலந்தி. அது குடிநீர் வழியாக வந்த ஒரு புழு. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டது.

மருந்து அடிக்கலாமா?

சிலந்திக்கென்று கடைக்குள் பூச்சி மருந்து அடிப்பது வீண் செலவு, ஆபத்தும் கூட. மருந்து படிவது நம் அரிசியிலும் பருப்பிலும்தான். அதைச் சுவாசிப்பவர்கள் நம் ஊழியர்களும் மாடியில் உறங்கும் குழந்தைகளும்தான். முன்பு கிட்டங்கிகளில் தெளித்து வந்த டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி ஏதேனும் பரணில் இருந்தால் இனி அதைத் தொட வேண்டாம். சரக்கில் பூச்சி மிகுந்துவிட்டால் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரை அழைக்க வேண்டும்.

நடைமுறைக்குச் சில யோசனைகள்

1. தராசு, திறந்த டின், மாவு வகைகள், எண்ணெய் வைக்கும் இடம் ஆகியவற்றின் மேலே ஒரு வலையும் இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை, கடை திறக்குமுன், சரக்கை மூடிவிட்டு ஒட்டடை அடிக்கவும். முட்டைப்பைகளையும் சேர்த்து அகற்றவும்.

2. மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஒன்றரை அடியாவது விடவும். விளக்குமாறு நுழையாத இடத்தில்தான் எல்லாத் தொல்லையும் குடியேறுகிறது.

3. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். காலிச் சாக்கை வெயிலில் உலர்த்தி உதறாமல் உள்ளே எடுக்க வேண்டாம்.

4. வாசலில் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு பூச்சியை அழைக்கும். பூச்சி வந்தால் சிலந்தியும் வரும். மஞ்சள் ஒளி விளக்கு நல்லது.

5. சாக்கு, பழைய செருப்பு, விறகு ஆகியவற்றைக் கையுறை இல்லாமல் துழாவ வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லி வைக்கவும்.

6. வீட்டுக்குள் பெரிய சிலந்தி வந்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, பில் புத்தக அட்டையை அடியில் செருகி வெளியே விட்டுவிடலாம்.

7. கொல்லைப்புறம், சாக்கடை ஓரம், வெளிக் கூரை ஆகிய இடங்களில் இருக்கும் வலைகளை விட்டு வைக்கவும். கொசுவும் ஈயும் அங்கேயே குறையும்.

யானைக்காவில் ஈசனுக்கு வலையால் பந்தலிட்ட சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று தல புராணம் சொல்கிறது. அந்த மரியாதையைக் கொல்லைப்புறத்தில் கொடுப்போம். உணவுச் சரக்கின் மேல் மட்டும் இடம் கொடுக்க வேண்டாம். அதுதான் நமக்கும் நம்மை நம்பி வாங்குகிறவர்களுக்கும் நல்லது.